முந்நூற்றுப் பன்னிரண்டாம் நாள்

“கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க அண்ணாச்சி. வாலைத் தூக்குங்க.”

கோமதிநாயகம் வாலைத் தூக்கினார். கப்பலின் வயிறு கதவு நிலையில் முட்டியது. வயிற்றை இறக்கினால் இறக்கை முட்டியது. சாமான் ஏற்ற வந்த இருவரும் மூன்று தடவை பார்த்துவிட்டுக் கப்பலை அறைக்குள்ளேயே இறக்கி வைத்தார்கள்.

“இதை வெளிய எடுக்கணும்னா வீட்டைத்தான் கழட்டணும் அண்ணாச்சி” என்றார் மூத்தவர். இளையவர் சிரித்தார். பிறகு கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இருவரும் கீழே இறங்கினார்கள்.

ஏழடி நீளம், மூன்றடி அகலம். பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளால் கட்டிய விண்கப்பல். மூக்கு நீண்டிருந்ததால் சீலா மீனின் பெயரை அதற்கு வைத்தது அவர் மகள் சங்கரி. கடல் ஏறி வந்து தூத்துக்குடியை விழுங்கிவிடுகிறது. முப்பத்தொரு பேர் மட்டும் சீலாவில் ஏறித் தப்புகிறார்கள். இதுதான் அவள் கதை. முப்பத்தொரு பேரும் கட்டைவிரல் அளவு பொம்மைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு கெட்ட குணம். கப்பலின் நாட்குறிப்பை ஒரு பள்ளி நோட்டில் அவளே எழுதிவந்தாள்.

நான்கு வருடங்களுக்கு முன் டெங்கு வந்தது. ஒன்பதாம் நாள் சங்கரி போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயது பதினான்கு. அதற்குள் கப்பலில் அவள் கட்டி முடித்திருந்தது அடுப்படி ஒன்றைத்தான்.

மற்றதெல்லாம் கோமதிநாயகம் கட்டியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டக் கற்றுக்கொள்ள ரோஸ்லினிடம் போனார். அவர் வயதில் பாதி இருப்பாள். எஞ்சினியர் ஒருவரிடம் வீட்டுப் பிளான் வரைகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்துப் பின்னறையில் ஏழெட்டுப் பேருக்குக் கட்டை அடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். எல்லாரும் டீச்சர் என்பார்கள். அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

முதல் நாள் அவள் சொன்னது ஒன்றுதான். வாசலை அளந்துவிட்டுக் கட்ட உட்காருங்கள். வாசலைவிடப் பெரியது என்றால் துண்டு துண்டாகப் பிரிகிற மாதிரி கட்டுங்கள். அவர் தலையாட்டினார். சங்கரி வரைந்து வைத்திருந்த படத்திலும் சீலா மூன்று துண்டுதான்.

வீட்டுக்கு வந்து, துண்டுகள் சேருகிற இரண்டு இடங்களிலும் நீளக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திப் பூட்டினார். இனிப் பிரியாது என்று தெரிந்தபின்தான் அன்று சாப்பிட்டார்.

இன்று சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாளை இடிக்கிறார்கள். மனைவி இரண்டு வருடங்களுக்கு முன்பே கோவில்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் கப்பல் இருக்கிற வீட்டில் தன்னால் தூங்க முடியவில்லை என்றாள்.

அவர் போன் செய்து வரச் சொன்ன ரோஸ்லின் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். கப்பலைச் சுற்றி நடந்தாள். துண்டுகள் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினாள்.

“பூட்டிட்டீங்க.”

“ஆமா டீச்சர்.”

அவள் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

“உடைக்காம வெளிய கொண்டுபோக ஒரு வழி சொல்லுங்க டீச்சர்.”

சுவரை இடித்துவிடலாமா என்று அவரே கேட்டார். எப்படியும் நாளைக்கு இடிக்கத்தானே போகிறார்கள்.

“வெளிய கொண்டுபோய் எங்க வைப்பீங்க?”

“கோவில்பட்டியில.”

“அங்க வாசல் எவ்வளவு?”

அவர் அளந்திருக்கவில்லை.

அவள் நாட்குறிப்பைக் கேட்டாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். இருட்டுக்குப் பயந்த கேப்டன் நட்சத்திரங்களை அணைக்காதே என்று கட்டளையிடுகிற பக்கம் அது என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் அவரும் சிரித்திருக்கிறார், ஒரு காலத்தில்.

பிறகு சங்கரியின் கையெழுத்து முடிகிற பக்கத்தில் நின்றாள். அதை இரண்டு தடவை படித்தாள். அதற்கப்புறம் பக்கங்கள் வேகமாகப் புரண்டன. அந்த நோட்டு முடிந்து, அவர் வாங்கிச் சேர்த்த அடுத்த நோட்டுகளையும் புரட்டினாள். கடைசித் தாள்வரை.

“எல்லாரும் நலம். எல்லாரும் நலம். எல்லாரும் நலம்” என்று அவள் வாசித்தாள். “ஆயிரத்து எழுநூறு நாள் தாண்டிருச்சு. ஒருத்தருக்கு ஒரு தும்மல்கூட வரலை.”

“தினமும் எழுதிருதேன் டீச்சர். ஒரு நாள் விட்டதில்லை.”

“சண்டைகூட இல்லை. ஊறுகாயை ஒளிச்சுவைக்கிறவங்க இல்லை.”

“இல்லை.”

“நல்லாத்தான் இருக்காங்க.”

“நல்லா இருக்கட்டுமே டீச்சர்” என்றார்.

அவள் முதல் நோட்டை எடுத்து, நின்ற பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே படித்தாள்.

“முந்நூற்றுப் பதினோராம் நாள். சமையல்காரர் மரியதாஸுக்குக் காய்ச்சல். படுக்கவைத்து நீலப் போர்வை போர்த்தியாயிற்று. வரிசையில் நிற்கிறவர்கள் போக மாட்டேன் என்கிறார்கள். நாளைக்கு யார் ரசம் வைப்பார்கள் என்று தெரியவில்லை.”

கீழே தெருவில் லோடு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“ஒரு வழி கேட்டேன் டீச்சர்” என்றார் அவர்.

ரோஸ்லின் நோட்டை மூடி அவர் மடியில் வைத்தாள்.

“முந்நூத்திப் பன்னெண்டாம் நாள் ரசம் யாரு வச்சாங்க அண்ணாச்சி?”

கோமதிநாயகம் கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ குடிக்கப் போனவர்கள் படியேறி வந்து வாசலில் நின்றார்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள்.

கோமதிநாயகம் எழுந்து போய், குறுக்கே பூட்டிய முதல் கட்டையை நகத்தால் நெம்பினார். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். வந்தது. ரோஸ்லின் ஒரு காலி அட்டைப்பெட்டியை அவர் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு வாலிலிருந்து தொடங்கினாள். சாமான்காரர்களில் இளையவர் தாமாகவே வந்து உட்கார்ந்து இறக்கைகளைக் கழற்றினார். கட்டைகள் பெட்டியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெயில் சாய்கிற நேரத்தில் அடுப்படியின் கூரை கையோடு வந்தது.

உள்ளே சங்கரி வைத்தபடியே இருந்தது. அடுப்பின் முன்னால் யாரும் இல்லை. தம்ளர்களோடு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். மூலைக் கட்டிலில் மரியதாஸ் படுத்திருந்தார். கழுத்துவரை ஒரு நீலத் தட்டைக் கட்டை.

“பெட்டி நிறைஞ்சிட்டுது, வேற இருக்கா?” என்று மூத்தவர் வாசலிலிருந்து கேட்டார். உள்ளே இருக்கிறது என்று ரோஸ்லின் சொன்னாள்.

கோமதிநாயகம் குனிந்து, நீலக் கட்டையைச் சுண்டுவிரலால் மெல்ல நகர்த்தி, முகம்வரை மூடினார்.