உப்பு மாமா மண்டியிட்ட நேரம்

பாரசீக நாட்டில், மலைக்கும் உப்புப் பாலைவனத்துக்கும் நடுவில், முன்னொரு காலத்தில் ஒரு காடு இருந்தது. குழந்தைகளே, காடு என்றதும் மூங்கிலும் அருவியும் யானைக் கூட்டமும் என்று நினைத்துவிடாதீர்கள். பிஸ்தா மரங்கள், முள்செடிகள், ஒரே ஒரு ஊற்று. அவ்வளவுதான் காடு.

அந்தக் காட்டில் ஓர் ஒட்டகம் இருந்தது. பாலைவனத்துக்கு நடந்துபோய் உப்புப் பாளங்களைச் சுமந்துவந்து, வீடு வீடாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. புல் தின்கிற விலங்குக்கு நக்குவதற்கு உப்பு கிடைக்காவிட்டால் கால் தள்ளாடும், மடியில் பால் வற்றிவிடும். அதனால் ஒட்டகத்தின் கழுத்துமணி கேட்டதுமே, "உப்பு மாமா வந்தாச்சு!" என்று குட்டிகள் எல்லாம் ஓடிவரும். நாமும் அவரை அப்படியே கூப்பிடுவோம்.

உப்பு மாமாவின் முதுகு எங்கே, முயலின் வாய் எங்கே? அதனால் ஒவ்வொரு வளையின் முன்னாலும் அவர் மண்டியிடுவார். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இருக்கும். முழங்கால் இரண்டும் காய்த்துக் கல்லாகிவிட்டன.

"எங்களுக்காக ஏன் மாமா இவ்வளவு சிரமம்?" என்று ஒருநாள் முயல் கேட்டது.

"உனக்கு எட்ட வேண்டாமா, தாயே?" என்றார் அவர்.

அந்தக் காட்டுக்கு அரசன் சிங்கம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சூரியன் உதிக்கும்போது எல்லா விலங்குகளும் அரசப் பாறையின் முன் கூடிச் சூரியனை மண்டியிட்டு வணங்க வேண்டும். வெயில் இல்லாமல் புல் ஏது, புல் இல்லாமல் வயிறு ஏது? பெரும்பாலான விலங்குகள் மனமாரத்தான் வணங்கின. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

மலையாடுகள் மட்டும் வருவதில்லை. கேட்டால், "எங்களுக்கு ஒரு மேய்ப்பர் இருந்தார். ஓநாய்கள் வந்தபோது ஓடிப்போகாமல் எங்களுக்காக உயிரையே கொடுத்தார். அவரை அனுப்பியவர்தான் சூரியனையும் படைத்தவர். எங்கள் வணக்கம் அவருக்கு மட்டும்தான்" என்று சொல்லும். உப்பு மாமா வணங்கியதும் அவரைத்தான். காலையில் அவர் பாலைவன வழியில் இருப்பார் என்பதால் அதை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை.

சிங்கமும் பல வருடம் இதைக் கண்டுகொள்ளாமல்தான் இருந்தது. பிறகுதான் மேற்குக் காட்டுப் புலியோடு சண்டை மூண்டது. சிங்கம் தோற்றுத் திரும்பி, காயத்தை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. அமைச்சர் நரி மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அரசே, அந்தப் புலி இப்போது யாரை வணங்குகிறது தெரியுமா? நம் மலையாடுகள் வணங்குகிறவரைத்தான்."

"அதற்கென்ன?"

"அப்படியானால் அவை நம் ஆடுகளா, புலியின் ஆடுகளா?"

ஆடு போய்ப் புலிக்கு வேவு பார்க்குமாம்! நீங்கள் சிரிக்கிறீர்கள். சிங்கம் சிரிக்கவில்லை. தோற்றவனுக்கு யார் மேலாவது பழி போட்டாக வேண்டும்.

"சூரியனை வணங்காத எவனும் இனி இந்தக் காட்டில் உயிரோடு இருக்கக் கூடாது!" என்று அது கர்ஜித்தது.

மலையாடுகள் செங்குத்தான பாறையில் ஏறி ஒரு குகைக்குள் ஒளிந்துகொண்டன. சிங்கத்தின் காவல் ஓநாய்களால் அங்கே ஏற முடியவில்லை. அதனால் அவை ஊற்றைச் சுற்றிக் காவல் நின்றன. மூன்று நாள் ஆடுகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குட்டிகளின் நாக்கு வெளியே தொங்கியது.

"அக்கா, இன்னும் எத்தனை நாள்?" என்று தாய் ஆடுகள் அழுதன.

கூட்டத்துக்குத் தலைவி ஒற்றைக்கொம்பு ஆடு. அது குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. "கீழே நம்மவர் என்று உப்பு மாமா ஒருவர்தான் இருக்கிறார். அவரே மண்டியிட்டுவிட்டால் நாமும் இறங்கிப்போய் மண்டியிட்டுத் தண்ணீர் குடிப்போம்" என்றது கடைசியில்.

குகைக்கு வெளியே உட்கார்ந்திருந்த காகத்தின் காதில் இது விழுந்தது. காட்டுக்குத் தண்டோரா போடுவது காகம்தான். அது பொய் சொல்லாது. ஆனால் நீளமாகச் சொல்லவும் வராது. பார்த்ததை ஒரே வார்த்தையில் கத்தும், அதோடு சரி. குகையில் கேட்டதை நரி அதன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு, நேராகச் சிங்கத்திடம் ஓடியது.

"உப்பு மாமாவை மட்டும் மண்டியிட வைத்துவிட்டால் போதும், அரசே. ஆடுகள் எல்லாம் தானாக வழிக்கு வரும்."

சிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "மறுத்தால் கொல்ல வேண்டி வரும். நான் குட்டியாக இருந்தபோது வெள்ளத்திலிருந்து என்னைச் சுமந்து கரை சேர்த்தவர் அவர். அவர் கழுத்தை என்னால் கடிக்க முடியாது."

"கடிக்கவே வேண்டாம். வணங்கு என்று சொல்லவும் வேண்டாம். நாளை விடியும்போது அவர் உப்போடு வருகிறார். சுமையோடு நேரே பாறைக்கு வரச் சொல்லுவோம். சுமை இறக்க ஒட்டகம் என்ன செய்யும்? மண்டியிடும்! சூரியன் எதிரே இருக்கும். காகம் கத்தும். வேலை முடிந்தது."

சிங்கத்துக்கு இது பிடித்திருந்தது. மாமாவும் பிழைப்பார், தன் கட்டளையும் பிழைக்கும்.

மறுநாள் விடிகிற வேளை. இரண்டு நாள் நடந்த களைப்போடு உப்பு மாமா காட்டு எல்லைக்கு வந்தார். ஆடுகள் தாகத்தோடு குகையில் கிடக்கும் செய்தி வழியிலேயே அவர் காதுக்கு எட்டியிருந்தது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சுமை. அது நரிக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"பாறைக்கே வந்துவிடுங்கள் மாமா. அரசருக்கு உப்பு வேண்டுமாம்" என்றது நரி, தேனாகக் குழைந்து.

சூதுவாது தெரியாத மாமா பின்னாலேயே போனார். பாறையின் முன் எல்லா விலங்குகளும் கூடியிருந்தன. கயிற்று முடிச்சை அவிழ்க்கக் கரடி தயாராக நின்றது. சரியாகக் கீழ்வானத்தில் சூரியனின் விளிம்பு தெரிந்தது. எல்லாரும் மண்டியிட்டார்கள்.

"களைத்திருப்பீர்கள் மாமா, உட்காருங்கள். இறக்கிவிடலாம்" என்றது நரி.

மாமாவின் முன்னங்கால் பழக்கத்தில் தானாகவே மடங்கத் தொடங்கியது. பாதி மடங்கியும் விட்டது. அப்போதுதான் எதிர்க் கிளையில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்த காகத்தைப் பார்த்தார். சுற்றிலும் மண்டியிட்டவர்களைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இரட்டைச் சுமையோடு, பாதி மடங்கிய காலை அவர் மறுபடியும் நிமிர்த்தினார். மூட்டு நெரிகிற சத்தம் கரடிக்குக் கேட்டது.

"பிறகு இறக்கிக்கொள்கிறேன்" என்றார் மாமா.

நரியின் தேன் வற்றிவிட்டது. "மண்டியிட்டால்தான் கரடி முடிச்சை அவிழ்க்கும். இது அரச கட்டளை!"

"அப்படியானால் நிற்கிறேன்."

சிங்கம் எழுந்து வந்தது. அதன் மானத்துக்கு அடி விழுந்திருந்தது. "முயல் வளை முன்னால் மண்டியிடுகிறீர், முள்ளம்பன்றி முன்னால் மண்டியிடுகிறீர். நாங்கள் வணங்கும் சூரியன் முயலைவிடத் தாழ்ந்ததா?"

"முயலுக்கு எட்டவில்லை அரசே, அதனால் குனிந்தேன். சூரியன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதுவும் என்னைப் போல ஒரு வேலையாள்தான். காலையில் சுமையோடு கிளம்புகிறது. எல்லார் வாசலிலும் இறக்கி வைக்கிறது. மாலையில் போய்விடுகிறது. எங்கள் இருவருக்கும் சுமை ஏற்றி அனுப்புகிறவர் ஒருவர் இருக்கிறார். என் வணக்கம் அவருக்குத்தான்."

"இப்படியே நின்றால் உயிர் போய்விடும், மாமா." சிங்கத்தின் குரல் தாழ்ந்தது. "உம்மைச் சாகவிட எனக்கு மனமில்லை."

"தெரியும் அரசே. அந்த வெள்ளத்தில் பயந்துபோய் என் காதைக் கடித்துக்கொண்டே வந்தீர்கள். தழும்பு இன்னும் இருக்கிறது."

சிங்கம் திரும்பித் தன் குகைக்குள் போய்விட்டது. கட்டளையை மாற்ற ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை அதன் கர்வத்தைத் தாண்டி வெளியே வரவில்லை.

வெயில் ஏறியது. உப்பு மாமா நின்றார். கயிறு தோலை அறுத்தது. உப்பு அந்தப் புண்ணில் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த முயலால் தாங்க முடியவில்லை. ஓடிவந்து அவர் காலடியில் நின்றது.

"மாமா, எனக்கு உப்பு வேண்டும். எனக்காக மண்டியிடுங்கள். சூரியனுக்கு இல்லை, எனக்கு!"

மாமாவின் கண் நிறைந்துவிட்டது. "நீ கேட்டு நான் தராதது இதுதான் முதல் தடவை, தாயே. நான் மண்டியிட்டால் காகம் 'மண்டியிட்டார்' என்று மட்டும்தான் கத்தும். உன் பெயரைச் சேர்த்துச் சொல்லாது. குகையில் தாகத்தோடு இருப்பவர்கள் அதைக் கேட்டு என்ன நினைப்பார்கள்? அவர்கள் இறங்கி வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். ஆனால் நான் செய்யாததைச் செய்ததாக நம்பி அவர்கள் இறங்கி வரக்கூடாது."

உச்சிவேளை ஆயிற்று. "இப்போது சூரியன் தலைக்கு மேலே. எந்தப் பக்கம் விழுந்தாலும் அதன் காலடியில்தான் விழ வேண்டும்!" என்று நரி சிரித்தது.

கரடி பொறுக்க மாட்டாமல் முடிச்சின் பக்கம் கையை நீட்டியது. நரி பல்லைக் காட்டியதும் கையை இழுத்துக்கொண்டது. அத்தனை பெரிய உடம்பு! ஒரு முடிச்சை அவிழ்க்கத் தைரியம் இல்லை. எனக்கு நரியைவிடக் கரடி மேல்தான் கோபம் அதிகம்.

பொழுது சாய்ந்தது. மாமாவின் கால்கள் நான்கும் நடுங்கின. வாயில் நுரை தள்ளியது. சூரியன் மேற்கு மலையைத் தொட்டது, பாதியானது, ஒரு கீற்றானது.

"காக்கை, எனக்குக் கண் மங்குகிறது. போய்விட்டதா, பார்த்துச் சொல்" என்றார் மாமா.

காகம் உயரப் பறந்து பார்த்துவிட்டு வந்தது. "போய்விட்டது."

அப்போதுதான் உப்பு மாமா மண்டியிட்டார். அவசரமே இல்லை. முயல் வளையின் முன் மண்டியிடுவாரே, அதே போல. முதலில் முன்னங்கால்கள், பிறகு பின்னங்கால்கள். ஒரு பாளம்கூடச் சரியவில்லை. நீண்ட கழுத்தைத் தரையில் வைத்தார்.

"ஏற்றி அனுப்பியவரே, இறக்கிவிடும்" என்றார்.

காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்த காகம், காடு அதிரக் கத்தியது: "மண்டியிட்டார்! மண்டியிட்டார்!"

"ஐயோ, இப்போது கத்தாதே!" என்று நரி குதித்தது. யார் கேட்டார்கள்?

குகைக்குள் ஆடுகள் அந்தக் குரலைக் கேட்டன. ஒற்றைக்கொம்பு ஆடு தலை குனிந்தபடி வாசலுக்கு வந்தது. கிழக்கே பார்த்தது, ஒன்றும் இல்லை. மேற்கே பார்த்தது, அங்கும் ஒன்றும் இல்லை.

"சூரியன்தான் இல்லையே, அக்கா. மாமா யாரை வணங்கினார்?" என்றது ஒரு குட்டி.

ஒற்றைக்கொம்பு ஆட்டின் குனிந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

கீழே சிங்கம் தன் குகையிலிருந்து பாய்ந்து வந்தது. யாரையும் எதிர்பார்க்காமல், தன் பல்லாலேயே கயிற்றைக் கடித்து அறுத்தது. உப்பு இரண்டு பக்கமும் சரிந்தது. மாமா எழவில்லை. சிங்கம் அந்தத் தழும்புள்ள காதைத் தொட்டுப் பார்த்தது. காது குளிர்ந்திருந்தது.

மறுநாள் சூரியன் உதிக்கும்போது மலையாடுகள் எல்லாம் தாமாகவே இறங்கி வந்தன. உப்பு மாமாவின் உடலுக்குப் பக்கத்தில், குட்டிகளோடு வரிசையாக நிமிர்ந்து நின்றன. சாகத்தான் வந்திருந்தன. ஓநாய்கள் கட்டளைக்காக அரசனின் குகையைப் பார்த்தன. சிங்கம் வெளியே வரவே இல்லை. ஆடுகள் ஊற்றுக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மலை ஏறின.

அதோடு கஷ்டம் தீர்ந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பின்னால் வேறு அரசர்கள் வந்தார்கள், வேறு நரிகளும் வந்தன. பல ஆடுகள் உயிரை விட்டன. ஒன்றுகூட மண்டியிடவில்லை.

சரிந்து கிடந்த உப்பை எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. பனியில் கரைந்து, அது பாறையடியில் ஒரு பள்ளத்தில் உறைந்தது. பள்ளம் ஆழம். முன்னங்காலை மடக்கிக் குனிந்தால்தான் அதில் நாக்கு எட்டும்.

ஒருநாள் மாலை, சூரியன் மறைந்த பிறகு, சிங்கம் தனியாக அங்கே வந்தது. சுற்றும்முற்றும் பார்த்தது. முன்னங்கால்களை மடக்கி, தலையைத் தாழ்த்தி, அந்த உப்பில் நாக்கை வைத்தது. நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

கிளையில் இருந்த காகம் அதைப் பார்த்துவிட்டது. பார்த்ததைச் சொல்வதுதானே அதன் வேலை?

"மண்டியிட்டார்! மண்டியிட்டார்!"

நீதி: முதுகில் சுமையை ஏற்ற அதிகாரத்தால் முடியும், மனத்தை மண்டியிட வைக்க அதனால் முடியாது.