இடது பக்கத்துக் கடைசிக் கட்டு

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. சிங்க நடனத்துக்கான தலை கட்ட அவருக்குச் சொல்லிக்கொடுத்த சியூ லானுக்கு முப்பத்தொன்று. வயதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தொழில் வருமா? அவர் அவளைக் குரு என்ற மரியாதையோடு ‘சிஃபு’ என்று கூப்பிட்டார். ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த அவள் அவரை ‘அண்ணே’ என்றாள். மலேசியாவின் ஈப்போவில் இருந்த அந்தப் பட்டறையில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

சீனப் புத்தாண்டுக்கு இன்னும் நான்கு நாள். அவர் கட்டிய ஒன்பதாவது தலை மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பிரம்புக் கூடு, மேலே காகிதம், அதற்குமேல் சிவப்பு வர்ணம், தாடைக்கு வெள்ளை ரோமம். கண்ணில் மட்டும் கருமணி இல்லை. அதைக் கோயிலில் வைத்துத்தான் தீட்டுவார்கள். அதுவரை சிங்கத்துக்குப் பார்வை கிடையாது.

ஆனாலும் அது தன்னையே முறைப்பதாக மாசிலாமணிக்குப் பட்டது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். தலைக்குள் குறுக்கே ஒரு பிடிக்கம்பு இருக்கும். ஆடுகிறவர் அதைப் பிடித்துத்தான் தலையைத் தூக்கி ஆட்ட வேண்டும். கம்பு கூட்டோடு சேரும் இடங்களில் பசையில் நனைத்த நாடாவால் ஒரு சுற்று கட்டி, அது காய்ந்தபின் இன்னொரு சுற்று கட்டுவார்கள். இந்தத் தலையைக் கட்டிய வாரம் விடாத மழை. பசை காயவில்லை. இடது பக்கத்துக் கடைசிக் கட்டை ஒரு சுற்றோடு நிறுத்தி மேலே காகிதம் ஒட்டிவிட்டார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்புறம் வர்ணமும் ஏறிவிட்டது.

“எல்லாம் ரெண்டு சுத்துதானே அண்ணே?” என்று அவள் கேட்டபோது, “ஆமா சிஃபு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்று காலை சியூ லான் தலையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பட்டறையை விட்டுப் போகும் எந்தத் தலையையும் முதலில் அவள் போட்டுப் பார்ப்பாள். கொல்லையில் ஆளுயரத்துக்கும் மேலே ஐந்து இரும்புத் தூண்கள். உச்சியில் சோற்றுத் தட்டளவு இடம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். சிங்கத்தின் வாய் வழியாகத்தான் கால் வைக்கும் இடம் தெரியும். பிடிக்கம்பு கழன்றால் தலை சரிந்து கண்ணை மறைத்துவிடும். கீழே சிமெண்டுத் தரை.

அவள் ஏணியில் ஏறி முதல் தூணில் நின்றாள். இன்றைக்கு மட்டும் தாங்கிவிடட்டும் என்று மாசிலாமணி முருகனை வேண்டிக்கொண்டார்.

சிங்கம் தலையை ஒருமுறை உதறியது. இரண்டாவது தூணுக்குத் தாவியது. உள்ளே ‘க்ரிக்’ என்றது. நிஜமாகவே சத்தம் வந்ததா, தன் பயம்தான் அப்படிக் கேட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது தூணுக்காக அவள் முழங்காலை மடக்கினாள்.

“தாவாதீங்க சிஃபு!”

சிங்கம் அப்படியே நின்றது. வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஏன்?”

“ஒரு கட்டு... ஒத்தைச் சுத்துதான்.”

“எது?”

“இடது பக்கம், கடைசி. பொய் சொல்லிட்டேன். தலையை ஆட்டாதீங்க.”

அவள் ஆடவில்லை. அவர் ஏணியை இழுத்துவந்து சாத்தினார். ஏறி, தலையை இரண்டு கையாலும் தாங்கி வாங்கினார்.

கீழே இறங்கியதும் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கத்தியை எடுத்து வர்ணத்தின் மேலேயே கீறினாள். மூன்று வார வேலை கிழிந்தது. பெருவிரலால் கம்பை அழுத்தினாள். அது கழன்று அவர் மடியில் விழுந்தது.

அவர் அந்தக் கம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“உங்களுக்கு முன்னமே தெரியும்தானே சிஃபு? என் வாயால சொல்ல வைக்கத்தானே ஏறுனீங்க?”

“தெரிஞ்சா ஏறுவேனா?”

அவள் உதடு வெளுத்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

“இனிமே என்னால ஒரு கட்டும் கட்ட முடியாது. இந்தப் பயம் எப்போ போகும் சிஃபு?”

சியூ லான் பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். நாடாவை நனைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“பயம் போச்சுன்னா அன்னைக்கே சொல்லிருங்க அண்ணே. நான் ஏற மாட்டேன்.”