மண் பிள்ளைக்கு ஒரு தலை

இன்னும் எழுந்து நிற்கவே பழகாத பிள்ளைக்கு அறுபது வயசு ஆள் சாயல் வந்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

அப்படி ஒரு பிள்ளையைத்தான் வயிரவன் மண்ணில் செய்து வைத்திருந்தார்.

அந்த ஊரில் வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள், முதல் முடி இறக்கும்போது ஐயனார் கோயிலில் ஒரு மண் பிள்ளையையும் கொண்டுபோய் வைப்பார்கள். அதைச் செய்து கொடுப்பவள் நாச்சம்மா. வயிரவன் அவளுடைய சீடர். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தவர், "உடைச்சது போதும், ஏதாச்சும் செய்யணும்" என்று ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் 'பெரியவரே'. அவருக்கு அவள் 'ஆத்தா'.

நாச்சம்மா சந்தைக்குப் போயிருந்த அன்றுதான் பூரணம் வந்தாள். இடுப்பில் மகன் சேவுகன். இன்னும் ஒரு வயது முடியவில்லை. அவன் தலையைத் துண்டால் மூடியிருந்தாள். வெயிலே இல்லை.

"அண்ணே, கோயிலுக்கு மண் புள்ளை வேணும். ஒண்ணு சொன்னா ஆத்தாகிட்டச் சொல்லாம இருப்பீங்களா?"

"சொல்லு தாயி."

"இவனுக்குத் தலை பெருசு. எங்க நாத்தனா பூசணிக்கான்னுதான் கூப்புடுறா. முடியெறக்கினா இன்னும் பெருசாத் தெரியும். மண்ணுலயாச்சும் சின்னதா வச்சுக் குடுங்கண்ணே. ஊரே வந்து பாக்கும்."

வயிரவனுக்கு மனசு இளகிவிட்டது. சின்னது என்றால் எவ்வளவு சின்னது? தன் தலை நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து, தன் உடம்பையே அளந்து பார்த்தார். உடம்பு தலையைப்போல ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஆண்டவன் கணக்கு இதுதான் போல என்று அதே கணக்கில் மண்ணைப் பிசைந்து வைத்துவிட்டார்.

சுடுவதற்கு முன்னால் பார்க்க வந்த பூரணம், பச்சை மண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"யாருண்ணே இது?"

"உன் மகன்தான் தாயி."

"எங்க மாமனாருல்ல அரைஞாணோட நிக்கிறாரு!"

பக்கத்தில் இருந்த நாச்சம்மா சிரித்துவிட்டாள். பூரணமும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"பெருசா இருந்தா கேலி பண்றாங்க. சின்னதாக்கினா புள்ளையாவே தெரியல. அப்ப எம்புள்ளை தலையிலதான் கோளாறா ஆத்தா?"

வயிரவன் பதறிப்போனார். நடந்ததை எல்லாம் குருவிடம் கொட்டிவிட்டுக் கேட்டார்.

"தலைன்னா எவ்வளவு இருக்கணும் ஆத்தா? அதை மட்டும் சொல்லிருங்க. சரிபண்ணிடறேன்."

நாச்சம்மா வாசலுக்குப் போய்க் கையைத் தட்டினாள். தெருவில் ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து நின்றன.

"எல்லாரும் வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு, எடது காதைத் தொடுங்க."

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் வைக்கிற பரீட்சை அது. மூன்றாம் வகுப்புக்காரன் காதை முறுக்கியே காட்டினான். பால்வாடிப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை.

"கழுத்தைச் சாய்க்காதடி கள்ளி!"

சத்தம் கேட்டு, இடுப்பில் கைக்குழந்தைகளோடு அம்மாக்களும் வந்துவிட்டார்கள். நாச்சம்மா ஒவ்வொரு குழந்தையின் கையையும் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். எந்தக் கையும் உச்சந்தலையைத் தாண்டவில்லை. சேவுகனின் கையும் அங்கேயேதான் நின்றது. அவன் தன் உச்சந்தலையைத் தானே தட்டிக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தான்.

"நூல்கண்டை எடுங்க பெரியவரே. இந்த வயசுப் புள்ளைங்க தலையெல்லாம் சுத்தி அளந்து, நூலை வரிசையாத் தொங்கவிடுங்க."

வயிரவன் அளந்தார். பூரணம் தயங்கித் தயங்கித் துண்டை அவிழ்த்தாள். கொடியில் தொங்கிய நூல்களில் ஒன்றுபோல இன்னொன்று இல்லை. சேவுகனுடையது நீளம்தான். ஆனால் எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் மகளுடையது அதைவிட அரை விரல் நீளம்.

"இவளுக்கும் பெருசாக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள் பூரணம்.

"பெருசுன்னு யாரு சொன்னா?" என்றாள் கண்ணாத்தாள் வெடுக்கென்று. "எம்மகளுக்குத் தலை அவ்வளவுதான்."

"உன் வீட்டுக்காரருக்கு எப்படி பூரணம்?" என்றாள் நாச்சம்மா.

"அவருக்கா? தலைப்பாகை கட்டினா முடிச்சுப் போடத் துண்டு பத்தாது ஆத்தா." சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மகனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசியாக நாச்சம்மா வயிரவன் தலையையே அளந்து, அந்த நூலைச் சேவுகனின் நூலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவர் வாயைப் பிளந்தார். வித்தியாசம் நாலைந்து விரல் அகலம்தான்.

"இவ்வளவுதானா? அப்ப இந்த அம்பது வருசமா எனக்கு என்னதான் ஆத்தா வளந்துச்சு?"

"காலு."

தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் வயிரவன் மறுபடி குருவிடம் வந்தார். அவர் விடுகிற ஆள் இல்லை.

"காலு, கை, எல்லாம் புரியுது. ஆனா இத்தனை நூலு தொங்குதே, இதுல எது சரியான தலை ஆத்தா?"

நாச்சம்மா நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க அளந்ததுல தப்பான தலை ஏதாச்சும் இருந்துச்சா பெரியவரே?"

வயிரவன் கொடியைப் பார்த்தார். பலகையில் நிமிர்ந்து நின்ற குட்டி மாமனாரைப் பார்த்தார். அதை இரண்டு கையாலும் அமுக்கி உருண்டையாக்கினார். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துவிட்டு, பூரணத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தாயி, புள்ளையைக் கொஞ்ச நேரம் எம்மடியில விடேன்."