சருகுக்குப் பின்னால் ஒரு வாசல்

குளத்தை ஒட்டிய செம்மண் மேட்டில் குழிவேலன் என்ற பெருச்சாளி புதிய வளைகளைத் தோண்டி விற்று வந்தது. தோண்டுவதில் அது கைதேர்ந்தது. பேசுவதில் அதைவிடக் கைதேர்ந்தது. அதன் வளைகள் எல்லாவற்றுக்கும் வாசல் குளத்தைப் பார்த்தே இருக்கும். படுத்தபடியே தாமரையைப் பார்க்கலாம் என்று அது சொல்லும்போது, தாமரையால் ஒரு பயனும் இல்லாத பிராணிகள்கூடத் தலையை ஆட்டும்.

செம்பி என்ற கீரிக்கு ஒரு வீடு அவசரமாகத் தேவைப்பட்டது. அது கருவுற்றிருந்தது. அதுநாள் வரை ஒரு பாறை இடுக்கில் காலம் தள்ளியாயிற்று. ஆடிச் சாரல் தொடங்கினால் அந்த இடுக்கில் தண்ணீர் ஒழுகும். பிறந்த குட்டிகளை அங்கே வைத்துக் காப்பாற்ற முடியாது.

குழிவேலனிடம் போய் அது விலை பேசியது. குழிவேலனின் தானியக் கிடங்கைச் சுற்றிச் சாரைப்பாம்புகள் ஓயாமல் திரிந்துகொண்டிருந்தன. கோடை முழுவதும் செம்பி அந்தக் கிடங்கைக் காவல் காக்க வேண்டும். ஆனி முடிவதற்குள் குழிவேலன் முன்வாசலும் பின்வாசலும் கொண்ட ஒரு வளையைக் கட்டித் தர வேண்டும். இதுதான் ஒப்பந்தம். முன்வாசலில் ஆபத்து வந்தால் தப்பிப் போக, பின்வாசல் மேட்டின் உச்சியில் திறக்க வேண்டும் என்று செம்பி அழுத்திச் சொன்னது. குழிவேலனும் அழுத்தமாகவே தலையசைத்தது.

செம்பி சொன்ன சொல் தவறவில்லை. அனல் பறக்கும் வெயிலிலும் கிடங்கைச் சுற்றி வந்தது. வயிறு கனத்து நடை தளர்ந்த பிறகும் காவலை விடவில்லை. அந்தக் கோடையில் ஒரு சாரைகூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஆனி முடியும் தறுவாயில் வீட்டைப் பார்க்க வரும்படி அழைப்பு வந்தது. குழிவேலன் காலை வேளையில்தான் வரச் சொன்னது. அப்போதுதான் இளவெயில் வாசல் வழியே உட்கூடம் வரை பாயும். சுவர்கள் களிமண் பூச்சில் வழவழத்தன. வாசலின் இருபுறமும் எங்கிருந்தோ பிடுங்கி வந்து நட்ட அருகம்புல் பசுமையாக நின்றது. கூடத்தைத் தாண்டினால், கடைக்கோடியில் உலர்ந்த தேக்குச் சருகுகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன.

"பின்வாசல் இதற்குப் பின்னால் இருக்கிறது, தாயே. காற்று பலமாக வீசுகிறதல்லவா? தூசி வராமல் இருக்கச் சருகு வைத்து அடைத்திருக்கிறேன். குடிவந்த பிறகு ஓய்வாக எடுத்துக்கொள்ளலாம்" என்றது குழிவேலன்.

கீரிகள் வீடு பார்க்கும் முறை ஒன்றே ஒன்றுதான். மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். பாம்பு வாடை அடித்தால் அது ஆகாத வீடு. அடிக்காவிட்டால் நல்ல வீடு. செம்பி ஒவ்வொரு மூலையாக மோந்தது. சருகையும் மோந்தது. பாம்பு வாடை சிறிதும் இல்லை. அதன் மனம் நிறைந்துவிட்டது.

வெளியே வந்தபோது, மேட்டின் உச்சியில் ஆட்காட்டிக் குருவி நின்றிருந்தது. அது வெறுந்தரையில் முட்டையிட்டு வாழும் பறவை. யார் வந்தாலும் கத்தும், போனாலும் கத்தும். ஆகையால் அது கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஏனடி செம்பி, உன் வீட்டுப் பின்வாசல் எங்கே திறக்கிறது?" என்று அது கேட்டது.

"உச்சியில்தான், அக்கா."

"காலை முதல் மாலை வரை உச்சியில் நடக்கிறவள் நான். ஒரு சுண்டெலி நுழைகிற துளைகூட என் காலில் தட்டுப்படவில்லையே."

செம்பி தயங்கியது. குழிவேலன் சிரித்தது. "கூழாங்கல் நடுவே குடித்தனம் நடத்துகிற அம்மாவுக்கு முன்வாசல் ஏது, பின்வாசல் ஏது? வீடே கட்டாதவர்கள் வீட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள்."

"எனக்கு வீடு இல்லை ஐயா, அதனால் என்னிடம் யாரும் வீட்டை விற்கவும் முடியாது" என்றது ஆட்காட்டி. பிறகு செம்பியைப் பார்த்து, "அந்தச் சருகைக் கொஞ்சம் தள்ளித்தான் பாரேன். சருகு என்ன, கனக்கவா போகிறது?" என்றது.

குழிவேலனின் முகம் கோணியது. என்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த வீடே உனக்கு வேண்டாம் என்றது. இதே வீட்டை ஒரு முயல் கேட்டுக் காத்திருப்பதையும் குறிப்பிட்டது. "நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாராவது குடிபோவார்களா? நாளை ஒன்றுதான் நல்ல நாள். பிறகு உங்கள் விருப்பம்."

கோடை முழுவதும் பட்ட பாடு வீணாகிவிடுமோ என்று செம்பி அஞ்சியது. பெரிய மனிதரைப் போல் நடந்துகொள்பவரின் எதிரே சருகைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையாகவும் படவில்லை. மறுநாளே அது குடிபுகுந்தது. காவல் பேச்சும் அன்றோடு தீர்ந்தது. குழிவேலனுக்குச் சேர வேண்டியது முழுவதும் சேர்ந்துவிட்டது.

ஆடி பிறந்தது, குட்டிகளும் பிறந்தன. சருகை எடுக்க வேண்டும் என்று செம்பி நினைத்தபோதெல்லாம் அவை பாலுக்கு அழுதன. ஒருமுறை சுவரில் ஈரம் பூத்திருப்பதைக் கண்டு அது குழிவேலனைத் தேடிப் போனது. குழிவேலன் அப்போது முயலுக்காக அடுத்த வளையில் சருகு அடுக்கிக்கொண்டிருந்தது. "புது மண் அப்படித்தான் வியர்க்கும், தாயே. போகப் போகச் சரியாகும்" என்று தலையைத் திருப்பாமலே சொல்லி அனுப்பிவிட்டது.

பிறகு மலையில் மழை பிடித்துக்கொண்டது. குளம் ஓசையில்லாமல் ஏறியது. ஒரு பிற்பகலில் செம்பி கண்விழித்தபோது வாசலைத் தண்ணீர் அடைத்திருந்தது. அருகம்புல் வேரோடு மிதந்தது. படுத்தபடியே தாமரையைப் பார்க்கலாம் என்ற வீட்டுக்குள் தாமரை இலையே மிதந்து வந்துகொண்டிருந்தது.

செம்பி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கடைக்கோடிக்குக் கொண்டுபோனது. சருகைக் கீழே சரித்தது. சருகுக்குப் பின்னால் மண்தான் இருந்தது. அந்த மண்ணில் குழிவேலனின் நகம் கீறிய தடங்கள் கொஞ்சம் இருந்தன. தொடங்கிவிட்டு நிறுத்திய வேலை.

சரிந்த சருகுக் குவியலின்மேல் குட்டிகளை ஏற்றி வைத்துவிட்டு, எந்தப் பக்கம் தோண்டுவது என்று தெரியாமல் அது திகைத்தது. அப்போது மேலே ஆட்காட்டியின் குரல் கேட்டது.

"செம்பி! இங்கே, என் காலடிக்கு நேராகத் தோண்டு. நான் கத்திக்கொண்டே இருக்கிறேன்."

அது சொன்னபடியே கத்தியது. யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கத்தலைப் பிடித்துக்கொண்டு செம்பி மேல்நோக்கித் தோண்டியது. நகம் பிளந்தது. கண்ணில் மண் விழுந்தது. தண்ணீர் சருகுக் குவியலைத் தொட்டது. கடைசியில் ஒரு பிடி மண் சரிய, அதன் இடத்தில் வானம் தெரிந்தது. செம்பி திரும்பிப் போய்க் குட்டிகளைத் தூக்கி வந்து, ஆட்காட்டியின் சிறகடியில் விட்டது.

மழை ஓய்ந்து, வாசல்களை விட்டுத் தண்ணீர் வடிந்ததும் குழிவேலன் வந்தது. உச்சியில் இருந்த துளையைச் சுற்றிப் பார்த்தது. "நான்தான் சொன்னேனே, தாயே, பின்வாசல் இருக்கிறது என்று. கொஞ்சம் மண் அடைத்திருந்தது, அவ்வளவுதான்."

செம்பி குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

ஆனால் வெள்ளம் பாம்புப் புற்றுகளிலும் புகுந்திருந்தது. வீடிழந்த சாரைகள் உலர்ந்த இடம் தேடிக் குழிவேலனின் கிடங்கை நோக்கி வரத் தொடங்கின. குழிவேலன் போன சுவடு மறையுமுன் திரும்பி ஓடி வந்தது. உடனே காவலுக்கு வரும்படி மன்றாடியது.

"கவலைப்படாதீர்கள், ஐயா" என்றது செம்பி அமைதியாக. "உங்களுக்கான காவல் தயாராகத்தான் இருக்கிறது. கிடங்கின் கடைக்கோடியில், சருகுக்குப் பின்னால் நிற்கிறது. ஓய்வாக எடுத்துக்கொள்ளுங்கள்."

குழிவேலன் கிடங்கின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் மன்றாடியது.

"முயல் குடிபுகுமுன் அதன் வீட்டுக்குப் பின்வாசல் திறக்கட்டும்" என்றது செம்பி மறுபடியும். "உள்ளே நின்று நான் வெளிச்சத்தைப் பார்க்கிறேன். பார்த்த பிறகு காவலுக்கு வருகிறேன்."

குழிவேலன் அன்று தோண்டியதைப் போல் என்றும் தோண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் முயலின் வளையில் உச்சி வெளிச்சம் விழுந்தது. செம்பி உள்ளே போனது. இம்முறை அது மூக்கை மட்டும் நம்பவில்லை. பின்வாசல் வழியே உடல் முழுவதும் வெளியே வந்து, மண்ணை உதறிவிட்டு, அதன் பிறகே கிடங்கை நோக்கி நடந்தது.

புதுவீடு வாங்குகிறவர், விற்பவர் திறந்து காட்டியதோடு மனநிறைவு கொள்ளாமல், அவர் மூடி வைத்திருப்பதையும் தம் கையால் திறந்து பார்த்த பின்னரே முழு விலையைக் கொடுக்க வேண்டும்.