மூடிய கதவு

மூளை முடக்குவாதக் குழந்தைகளின் அசைவைச் சோதித்து மதிப்பெண் போடும் வேலை. இளங்கோதை அதைக் கற்க இயன்முறை மருத்துவர் சூசையிடம் சேர்ந்து இரண்டு மாதம்.

அன்று வந்தவள் நஸ்ரின். ஏழு வயது. கால் ஒத்துழைக்காது. வாய் நிற்காது.

சோதனை முடிந்தது. இளங்கோதை படிவத்தை நீட்டினாள்.

"நிற்க, நடக்க எல்லாம் சைபர் சார். பள்ளிக்கூடத்துக்கு முடியாதுன்னு எழுதிடவா?"

"இது மூணாவது பள்ளிக்கூடம் சார்," என்றாள் தாய் செய்யது பீவி. "சேர்க்க இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"அவங்க என்ன கேட்டாங்க?" என்றார் சூசை.

"கழிப்பறைக்குத் தானா போய் வருவாளான்னு. வந்தா சேர்த்துக்குவாங்களாம்."

சூசை இளங்கோதையைப் பார்த்தார். "நீ எதைச் சோதிச்ச?"

"நடையை."

அவர் குழந்தையிடம் திரும்பினார். "பாத்ரூம் போயிட்டு வா."

"இப்ப வரலையே தாத்தா. வராம எப்படிப் போறது?"

"சரிதான்."

இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். காத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம்.

நஸ்ரின் நெளிந்தாள். "உம்மா..."

செய்யது பீவி தூக்கக் குனிந்தாள். சூசை கையை நீட்டி மறித்தார்.

"விழுந்துருவா சார்!"

"விழட்டும்."

நஸ்ரின் அவரை முறைத்தாள். பிறகு உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள். நடைவழியில் பாதியில் சாய்ந்தாள். இளங்கோதை எழுந்தாள்.

"உட்காரு."

உட்கார்ந்தாள்.

குழந்தை முழங்கையை ஊன்றி நிமிர்ந்தது. கழிப்பறை வாசலில் சுவர்க் கம்பியைப் பிடித்தது. கை வழுக்கியது. மறுபடி. மறுபடி. நான்காவது முறை எழுந்து, தோளால் கதவைத் தள்ளி உள்ளே போனது.

திரும்பினால் வாசலில் மூன்று தலை.

"எதுக்கு எட்டிப் பார்க்குறீங்க? வெட்கமா இல்ல?"

கதவைப் படாரென்று சாத்தினாள்.

செய்யது பீவி கதவுக்கு வெளியே நின்றாள். கையைத் தூக்கினாள். தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

இளங்கோதை படிவத்தைப் புரட்டினாள். முன்பக்கம், பின்பக்கம்.

"உள்ளே என்ன செஞ்சான்னு நான் பார்க்கலையே சார். என்னன்னு எழுதுறது?"

"கதவைச் சாத்திக்கிட்டான்னு எழுது."