எச்சில் தண்ணீர் குடித்த வாழை

அந்தக் காலத்தில், கிணறும் வாழையும் தவளையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒற்றைக்கேணி என்று ஓர் ஊர் இருந்தது. செம்மண் காடு, சுற்றிலும் உடைமரம், ஊர் முழுமைக்கும் ஒரே கிணறு. அந்தக் கிணறு மகா ரோசக்காரக் கிணறு.

ஊரார் அதைத் தோண்டி முதல் வாளியை இறக்கிய அன்றைக்கே அது அவர்களிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டது. தன் நீர் ஒரு வேலைக்குத்தான் என்றது. அரிசி கழுவினால் அரிசியோடு சரி. முகம் கழுவினால் முகத்தோடு சரி. தொட்டு எச்சிலாக்கிய நீரை இன்னோர் உயிருக்கு ஊற்றினால், தன்னை நடுத்தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தியதற்குச் சமம் என்றது. தண்ணீர் கொடுக்கிறவர் சொன்னால் ஊர் கேட்காமல் என்ன செய்யும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதிலிருந்து ஒற்றைக்கேணியில் ஒரு வழக்கம். பாத்திரம் கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர், காய் அலசின தண்ணீர் எல்லாவற்றையும் பெண்கள் ஒரு பானையில் பிடித்து, இடுப்பில் வைத்து, ஊருக்கு வெளியே இருந்த மொட்டைப்பாறையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பாறையில் புல் பூண்டு முளைக்காது. எந்த உயிரும் வாய் வைக்காது. கொட்டிவிட்டுக் கிணறு இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு. இதற்குப் பெயர் மரியாதை. ஆண்கள் அந்த மரியாதையைப் பற்றி அடுத்த ஊர்வரைக்கும் போய்ப் பெருமை பேசினார்கள். பானையைத் தூக்கியது பெண்கள்.

அந்த ஊரில் முப்பிடாதி என்று ஒருத்தி இருந்தாள். பருத்திக்காட்டுத் தவசியின் பெண்டாட்டி. எதற்கெடுத்தாலும் மனசு அடித்துக்கொள்ளும் ரகம். அடுப்பை அணைத்தோமா, ஆட்டைக் கட்டினோமா, மோர்ச்சட்டியை மூடினோமா என்று பாறைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போவாள். கிணற்றில் இழுக்கும்போது ஒரு பாரம், பாறைக்குச் சுமக்கும்போது ஒரு பாரம், ஒரே தண்ணீரை இரண்டு தரம் தூக்க வேண்டியிருக்கிறதே என்று பக்கத்து வீட்டு உடையாளிடம் புலம்புவாள். உடையாளுக்கு வாய் நீளம்.

"இடுப்பு வலிக்குன்னு கிணத்துகிட்டயே போய்ச் சொல்லு மதினி. மேலே ஏறி வந்து தைலம் தேய்ச்சு விடும்" என்பாள்.

கிணற்றுக்கும் முப்பிடாதி வீட்டுப் புறவாசலுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். அவள் புலம்பல் கிணற்றின் காதில் விழுந்திருக்கும். ஆனால் அது காட்டிக்கொண்டதில்லை.

ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. அடுத்த வருஷமும் ஏமாற்றியது. எட்டத்தில் ஓடிய ஆறு மணலாகிப் போனது. அந்த ஆற்றங்கரையில்தான் வாழை குடியிருந்தது. அப்போதெல்லாம் இருக்கிற இடம் பிடிக்காவிட்டால் வேரைப் பிடுங்கிக்கொண்டு நடக்கிற சுதந்திரம் செடிகளுக்கு உண்டு. வாழை தன் கன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பியது. நேராக ஒற்றைக்கேணிக் கிணற்றிடம் வந்து ஒரு வாய் தண்ணீர் கேட்டது. கிணறு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊராருக்கே பற்றாத நேரம் என்றது. ஆற்று நீர் குடித்துக் கொழுத்த காலத்தில் என்னை எட்டிப் பார்த்தாயா என்றும் குத்திக்காட்டியது.

முப்பிடாதி கழுவின தண்ணீர்ப் பானையோடு புறவாசலைத் திறந்தபோது, வாழை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, அந்தப் பானையில என்ன?"

"எச்சில் தண்ணி. நீ கண்ணாலகூடப் பாக்கக் கூடாது."

"எச்சில்னா என்னக்கா?"

"சோத்துப் பருக்கை. புளி. பாத்திரம் தேய்ச்ச சாம்பல்."

"பருக்கை, புளி, சாம்பல்" என்று வாழை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது, பந்தியில் என்னென்ன பதார்த்தம் என்று விசாரிப்பவளைப் போல. "இதையா பாறைக்குக் குடுக்கப் போற?"

முப்பிடாதி கன்றைப் பார்த்தாள். குருத்து சுருண்டு, ஓரம் கருகி, கழுத்து நிற்காமல் தொங்கியது. இன்றைக்குப் பொழுது சாயும்வரை தாங்காது. அவள் மனசு வழக்கம்போல அடித்துக்கொண்டது. கிணறு என்ன சொல்லும், நாட்டாமை என்ன சொல்வார், வீட்டுக்காரர் எப்படி விழிப்பார் என்று எல்லாவற்றையும் யோசித்தாள். பிறகு பாறையை யோசித்தாள். தான் திரும்பி நடப்பதற்குள் அந்தத் தண்ணீர் பாறையில் காய்ந்து ஒரு வெள்ளைக் கறையாக நிற்கும். அந்தக் கறைக்கா இத்தனை நாள் இடுப்பு ஒடிந்தது என்று தோன்றியது. பானையைச் சாய்த்தாள்.

மண் அந்தத் தண்ணீரை இழுத்த சத்தம் அவளுக்குக் கேட்டது. தாய்வாழை கன்றை இறக்கி ஈரத்தில் ஊன்றித் தானும் பக்கத்தில் ஊன்றிக்கொண்டது. பொழுது சாயும்முன் கன்று தலையைத் தூக்கிவிட்டது.

வேலியோரம் இருந்த தவளை பார்த்துவிட்டது. அது கிணற்றுக்குக் காவல். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுகிற தவளை. போய்ச் சொன்னது.

கிணறு குமுறியதில் அதன் விளிம்பிலிருந்த உறைக்கல் ஆடியது. ஊர் கூடியது. நாட்டாமை மாசானம் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வாழையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கிணற்றடியில் விழுந்து கும்பிட வேண்டும். இல்லையென்றால் தவசி வீட்டுக்கு நாளுக்கு ஒரு குடம்தான்.

தவசி பெண்டாட்டியைப் பரிதாபமாகப் பார்த்தான். விழுந்து எழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடலாமே என்று மெதுவாகக் கேட்டான். கூட்டமே அவள் விழுவதற்காக இடம் விட்டு விலகி நின்றது.

"ஒரு குடம் போதும் அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி.

வீட்டுக்கு வந்தாள். ஒரு குடத்தில் எப்படிப் பொழுது ஓட்டுவது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து அரிசியைக் கழுவினாள். கழுவின தண்ணீரைக் கொட்டக் கை போனது. நிறுத்தினாள். அதில் கீரையை அலசினாள். மண் அடியில் தங்கியதும் தெளிவை இறுத்து, அதில் பாத்திரத்தை ஊறப் போட்டாள். ஊறின பாத்திரத்துக்குத் தேய்க்கச் சாம்பல் கொஞ்சம் போதும், அலசத் தண்ணீர் கொஞ்சம் போதும். எல்லாம் முடிந்து கலங்கி வந்ததை வாழைக்கு ஊற்றினாள். குளிக்கிற தண்ணீரும் அங்கேதான் போயிற்று. தவசியை வாழை அடியிலேயே ஒரு கல்லைப் போட்டுக் குளிக்கச் சொல்லிவிட்டாள். அவன் கூச்சப்பட்டான். வாழை இலையை அகலமாக விரித்து மறைப்புக் கட்டிக் கொடுத்தது. கருவாட்டுத் தண்ணீர் வந்த நாளில் மட்டும் வாழை சற்று முகம் சுளித்தது. குடிக்காமல் விட்டதில்லை.

உடையாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேலி பேசினாள். ஒரு தண்ணிக்கு எத்தனை புருசன் என்று கேட்டாள்.

"பாறையைக் கட்டிக்கிட்டு அழுகிறதுக்கு இது தேவலை" என்றாள் முப்பிடாதி.

வாழை கிடுகிடுவென்று வளர்ந்தது. கன்று நிமிர்ந்தது. கன்றைச் சுற்றிலும் மண்ணைக் கீறிக்கொண்டு கூர்கூராக இன்னும் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. தாய்வாழை ஒரு குலையும் தள்ளியது. ஊரே காய்ந்து கிடந்தபோது அந்தப் புறவாசல் மட்டும் பச்சை கட்டி நின்றது. பார்க்கிறவர்கள் கண் உறுத்தத்தானே செய்யும்.

மழை அந்த வருஷமும் வரவில்லை. மற்ற வீடுகளில் குடம் குடமாக இழுப்பதும், குடம் குடமாகப் பாறையில் காய விடுவதும் நிற்கவில்லை. கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. அடியிலிருந்து கரகரத்த குரலில் கிணறு சொன்னது:

"என் மானம் போயிற்று. அதனால் என் நீர் போயிற்று. எச்சில் குடித்து நிற்கும் அந்த வாழையின் வேர் இந்த ஊரில் இருக்கும்வரை நான் சுரக்க மாட்டேன்."

ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது. நாட்டாமை அரிவாளோடு வந்தார், பின்னால் ஊர். முப்பிடாதி வாழைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். உன் பெண்டாட்டியைப் பிடித்து ஓரமாக நிறுத்து என்று தவசியிடம் சொன்னார்கள்.

"நான் அவ கையைப் பிடிச்சது கல்யாணத்தன்னைக்கு ஒருதரம்" என்றான் தவசி. "அதுக்கப்புறம் அவ பிடிக்க விட்டதில்ல அண்ணாச்சி."

நாட்டாமை அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனார். முதல் வெட்டில் தாய்வாழை குலையோடு சாய்ந்தது. விழும்போது அது அழவில்லை. குலை தள்ளிய பிறகு நான் நின்று என்ன செய்யப் போகிறேன், பிள்ளைகள் கிளம்பியாயிற்று என்று சொல்லிக்கொண்டே விழுந்தது. அடுத்த வெட்டில் கன்றின் தலை போயிற்று. தட்டையாக ஒரு வட்டம் மட்டும் தரையில் நின்று நீர் கசிந்தது.

முப்பிடாதி உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தார்கள். பானையோடு வந்தாள். ஊர் மொத்தமும் பார்க்க, அந்த வெட்டுப்பட்ட வட்டத்தின் அடியில் காலைப் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றினாள்.

"வெட்டுறது உங்க கை. ஊத்துறது என் கை. எந்தக் கை முதல்ல வலிக்குன்னு பாத்துருவோம்" என்றாள்.

பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் உடையாள் வேலி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். வெட்டின வட்டத்தின் நடுவிலிருந்து குருத்து விரல் நீளம் எழுந்து நின்றது. சேதி ஓடியது. மறுநாள் நாட்டாமை வந்து மறுபடியும் தரையோடு அறுத்தார். முப்பிடாதி மறுபடியும் ஊற்றினாள். வெயில் தாழ்வதற்குள் குருத்து மறுபடியும் எழுந்தது. இந்தமுறை அது சற்று வேகமாக வந்ததுபோலவும் இருந்தது. மூன்றாம் வெட்டுக்கு அரிவாளை ஓங்கியபோது நாட்டாமைக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அரிவாளைக் கீழே போட்டார். ஆனாலும் வாய் குறையவில்லை. கடப்பாரை போட்டு மண்ணைக் கொத்தி, வேரோடு எரித்துவிடுவதாகச் சொன்னார்.

அப்போது தவளை வேலியைத் தாண்டித் தத்தி வந்தது. அதன் முதுகு ஈரமாக இருந்தது. ஊரே காய்ந்த நேரத்தில் இதற்கு மட்டும் எங்கிருந்து ஈரம் என்று நாட்டாமை அதட்டினார். தவளை, பார்த்ததைச் சொல்வதுதான் தன் வேலை என்று சொல்லிவிட்டுச் சொன்னது:

"கிணத்துல எல்லா ஊத்துக்கண்ணும் அடைஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கசியுது. அந்தக் கசிவுலதான் நானும் இருக்கேன், கிணறும் இருக்கு, நீங்க இன்னைக்குக் குடிச்ச தண்ணியும் அதுதான். அந்தக் கண் இந்த அக்கா வீட்டுப் பக்கச் சுவர்ல இருக்கு."

நாட்டாமை தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். பாறையில் கொட்டினது வெயிலுக்குப் போயிற்று. இவள் மண்ணில் ஊற்றினதில் வாழை குடித்தது போக மிச்சம் மண்ணுக்குள் இறங்கி, வடிந்து தெளிந்து, வேலிக்கு அடியில் ஊர்ந்து கிணற்றுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

முப்பிடாதி கிணற்றடிக்குப் போனாள். கூட்டம் விலகி வழிவிட்டது. உறைக்கல்லில் கையூன்றிக் குனிந்து பார்த்தாள். தகப்பன் ஸ்தானத்தில் வைத்துக் கும்பிட்ட கிணறு. இருந்தாலும் கேட்டாள்.

"ஏன் கிணறே, இத்தனை நாளும் நீ குடிச்சது என் வீட்டுப் பாத்திரம் கழுவின தண்ணி. ருசி எப்படி இருந்துச்சு?"

கிணறு வாயைத் திறந்தது. அவள் கேட்டதையே திருப்பிச் சொன்னது: "எப்படி இருந்துச்சு?" அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு சொல் அது பேசவில்லை. இன்றைக்கும் எந்தக் கிணற்றில் குனிந்து எதைக் கேட்டாலும் நாம் கேட்டதைத்தான் திருப்பித் தருகிறது.

கூட்டத்திலிருந்து முதலில் நகர்ந்தது உடையாள். வீட்டுக்குப் போய்த் தன் கழுவின தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நகரு மதினி, பானை கனக்கு" என்று வாழை அடியில் கவிழ்த்தாள். பிறகு, ஒன்றும் நடக்காத மாதிரி, எனக்கு ஒரு கன்று வெட்டிக் கொடு என்று கேட்டாள். அன்றைக்கே ஆளாளுக்குப் புறவாசலில் குழி தோண்டினார்கள். நாட்டாமை வீட்டிலிருந்து மட்டும் ஆள்விட்டுக் கேட்டார்கள். தண்ணீரோடு அவரே வந்து வாங்கிப் போகட்டும் என்று முப்பிடாதி சொல்லி அனுப்பினாள். அவர் வந்தார். இடுப்பில் பானை வைத்துப் பழக்கமில்லாததால் பாதித் தண்ணீர் அவர் வேட்டியோடு போயிற்று. மீதிப் பாதியை ஊற்றினார். ஒரு சின்னக் கன்றாகப் பார்த்துக் கொடுத்து அனுப்பினாள்.

மொட்டைப்பாறைக்குப் போன பாதையில் அதன் பிறகு யாரும் நடக்கவில்லை. வாழைக்கும் நடந்து அலைகிற ஆசை விட்டுப்போயிற்று.

அன்று முதல்தான் வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து வாழை நிற்கிறது. தரையோடு அறுத்துப் போட்டாலும், பொழுது சாய்வதற்குள் நடுக்குருத்தை நீட்டி, அடுத்த பானை எங்கே என்று கேட்கிறது.