பந்தலில் ஒரு நாற்காலி

கூர்மலையின் அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. உச்சியில் முருகன் கோயில். அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதனால் பௌர்ணமிதோறும் மடத்துச் சீடர் ஒருவர் அபிஷேகத் தண்ணீரைக் குடத்தில் நிரப்பித் தலையில் சுமந்து மேலே போவார். மற்றவர்கள் பூக்கூடைகளோடு பின்னால் போவார்கள். குடம் சுமப்பது முறை வைத்து வரும்.

தணிகாசலம் அந்த மடத்தில் ஒரு சீடர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, ஓய்வு பெற்றதும் இங்கே வந்து சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

அன்று பௌர்ணமி. காலையில் நகரத்திலிருந்து ஒரு கம்பெனிக் குழு வந்து இறங்கியது. பார்வையற்றோர் பள்ளிக்கு நிதி திரட்ட மலையேறும் சவாலாம். எல்லோருக்கும் ஆரஞ்சு பனியன், கையில் மூங்கில் தடி. மடத்து வாசலில் பந்தல் போட்டார்கள். பள்ளியிலிருந்து அழைத்து வந்தவர்களை நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்தார்கள். தாங்கள் ஏறுவதை வேடிக்கை பார்க்கக் கண் தெரியாதவர்களைக் கூட்டி வந்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது? தணிகாசலம் அந்தப் பள்ளியில் படித்தவர். அதனால் அவருக்கு முன்வரிசை, கையில் ஒரு பச்சைக் கொடி.

மத்தியானம் குழு இறங்கி வந்தது. தணிகாசலம் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டிக்கொண்டே குருவிடம் போனார்.

"சாமி, சாயங்காலம் மேடையில நான் நன்றி சொல்லணுமாம். எனக்கு வயிறு எரியுது. நான் என்ன பேசட்டும்?"

"நன்றி சொல்றதுல என்ன கஷ்டம்?"

"நானும் வரேன்னு கேட்டேன் சாமி. 'உங்களுக்காகத்தானே சார் ஏறுறோம், நீங்க எதுக்குச் சிரமப்படணும்'னு தோளைத் தட்டி உட்கார வெச்சுட்டாங்க. அத்தனை பேர் கையிலயும் தடி. பிறந்ததுலேர்ந்து தடியோட நடக்கிறவன் நான் ஒருத்தன். என்னைத்தான் உட்காரச் சொன்னாங்க."

"பயந்திருப்பாங்க."

"எப்படிப் பயந்தாங்க தெரியுமா? எங்க கஷ்டத்தைத் தெரிஞ்சுக்கணும்னு கறுப்புத் துணியால கண்ணைக் கட்டிக்கிட்டு நாலு படி ஏறிப் பார்த்தாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தாங்க. துணியை அவுத்துட்டு, 'ஐயோ பாவம், இவங்களால எப்படி முடியும்'னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. கண்ணைக் கட்டினா நடக்கத் தெரியாதது அவங்களுக்கு. அதுக்கு நான் உட்காரணுமா?"

"நல்ல மனசோடதான் செஞ்சிருக்காங்க. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வரும்."

"வரட்டும். ஒழுகுற கூரைக்குக் கீழே நானும் படுத்திருக்கேன். கூரைக்கு நன்றி சொல்லிடுவேன். ஆனா இறங்கும்போது அவங்கள்ல ஒருத்தருக்குக் கால் பிசகிடுச்சு. ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. இனிமே மலைப்பக்கம் போகாதேன்னு அவர்கிட்ட யாரும் சொல்லல. விழறதுக்குக்கூட அவங்களுக்குத்தான் உரிமை இருக்கு சாமி."

"கோபத்தை ஓரமா வெச்சுட்டுப் பேசுங்க."

"ஓரமா வெச்சு வெச்சுத்தான் இத்தனை நாள் இருந்தேன். அவங்க ஒரு நாள் வந்துட்டுப் போறவங்க. நீங்க?"

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடம் எடுக்கிற முறை எனக்கு வந்தப்பல்லாம் யார் எடுத்தாங்க?" என்று கேட்டார் தணிகாசலம்.

"நான்."

"எடுக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

"இல்லை."

"சீடனுக்காகச் சாமியே சுமக்கிறார்னு ஊரே உங்க கருணையைப் பேசிச்சு. நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன். இன்னைக்கும் என் முறைதான். நீங்க இந்நேரம் சும்மாடு சுத்தி வெச்சிருப்பீங்க."

வைத்திருந்தார். குடத்தைத் தலையில் இருத்துவதற்கான அந்தத் துணிச்சுருள் உள்ளே குடத்தின் மேலேயே இருந்தது.

குரு எழுந்து உள்ளே போய்ச் சும்மாட்டை எடுத்துவந்து தணிகாசலத்தின் கையில் வைத்தார்.

தணிகாசலம் அதைத் தடவிப் பார்த்தார். "இது உங்க தலைக்குச் சுத்தினது" என்று சொல்லி உதறிப் பிரித்தார். தன் தலைக்கு ஏற்றபடி மறுபடி சுற்றிக்கொண்டார்.

"பாறையில சங்கிலியைப் பிடிச்சு ஏறுற இடத்துல..." என்று குரு ஆரம்பித்தார்.

"தெரியலைன்னா நானே கேட்டுக்கிறேன் சாமி."

குரு வழிவிட்டு ஒதுங்கினார்.

வாசற்படியில் தணிகாசலம் நின்றார். "நீங்க வரலையா?"

"பந்தல்ல ஒரு நாற்காலி காலியா இருக்குமே" என்றார் குரு.

சாயங்காலம் பந்தலில் மைக் வைத்தார்கள். குழுத் தலைவர் விஜயராகவன் சால்வையை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். அங்கே குரு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பச்சைக் கொடி இருந்தது.

"சாமி, நீங்களா? தணிகாசலம் சார் எங்கே? அவர்தானே நன்றி சொல்லணும்?"

குரு மலையைக் காட்டினார். பாதி மலைக்கு மேல், பாறைகளுக்கு நடுவே பூக்கூடைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பித்தளைக் குடம் போய்க்கொண்டிருந்தது.

விஜயராகவனின் கையிலிருந்த சால்வை தரையில் புரண்டது.

"அவரால முடியாது சாமி. கண்ணைக் கட்டிக்கிட்டு நாங்களே ஏறிப் பார்த்தோம். ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? நீங்க எப்படி அவரை விட்டீங்க?"

"விடறதுக்கு நான் யாரு?" என்றார் குரு. பக்கத்து நாற்காலியை விஜயராகவன் பக்கம் நகர்த்தினார். "உட்காருங்க. இன்னைக்குக் கீழே உட்கார்றது நம்ம முறை."